இரண்டு தராசில் ஓர் ஒலி அட்டை

கணினிக்கென விற்கப்படும் ஒலி அட்டைகளின் பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டு வாக்குறுதிகள் அருகருகே அச்சிடப்பட்டிருக்கும்: விளையாட்டில் எதிரியின் காலடி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைத் துல்லியமாகக் காட்டும் என்பது ஒன்று, இசையைப் பதிவுக்கூடத்தில் ஒலித்தபடியே கேட்கத் தரும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கூட்டி, பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒன்பது என்று மதிப்பெண் வழங்கும் வழக்கம் மதிப்புரைகளில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. ஆனால் முதல் பணிக்கு ஒலியை மாற்றியாக வேண்டும். இரண்டாம் பணிக்கு ஒலியை மாற்றவே கூடாது. எதிரெதிரான இவ்விரு கடமைகளையும் தனித்தனியாக நிறுத்துப் பார்க்காமல் ஓர் அட்டையின் தரத்தைச் சொல்ல இயலாது. அவற்றுள் விளையாட்டுக்கான கடமை கடந்த இருபது ஆண்டுகளில் அட்டையை விட்டே பெரும்பாலும் வெளியேறிவிட்டது என்பதும் வாங்குபவர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

பேச்சுவழக்கில் சவுண்ட் கார்டு எனப்படும் ஒலி அட்டை, கணினியில் எண்களாகச் சேமிக்கப்பட்டிருக்கும் ஒலியை மின்னழுத்த அலையாக மாற்றி ஸ்பீக்கருக்கோ ஹெட்போனுக்கோ அனுப்புகிறது. மைக் வழியே வரும் அலையை எண்களாக மாற்றுவதும் அதன் வேலையே. 1981இல் வெளிவந்த ஐபிஎம் பீசியில் இப்படியொரு பகுதியே கிடையாது. ‘பீப்’ என்று ஒலிக்கும் சிறு ஸ்பீக்கர் மட்டும் இருந்தது. 1987இல் கனடாவின் கியூபெக் நகரைச் சேர்ந்த ஆட்லிப் நிறுவனம், யமஹாவின் இசைச் சில்லு ஒன்றைத் தாங்கிய அட்டையை வெளியிட, கணினி விளையாட்டுகளுக்குப் பின்னணி இசை வாய்த்தது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர், அதே யமஹா சில்லோடு, பதிவுசெய்த மனிதக் குரலையும் வெடியோசையையும் ஒலிக்கச் செய்யும் 8 பிட் பகுதியையும் ஜாய்ஸ்டிக் இணைப்பையும் ஒரே அட்டையில் சேர்த்துத் தந்து சந்தையைக் கைப்பற்றியது. 1992இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16 குறுந்தகட்டின் அளவை எட்டியது. அதாவது ஒலியலையின் உயரத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாகக் கையாண்டது. அந்நாளில் ஓர் அட்டையை மதிப்பிடுவதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை: சவுண்ட் பிளாஸ்டருக்கென எழுதப்பட்ட விளையாட்டு அதில் ஓடினால் அது நல்ல அட்டை.

சிக்கல் தொடங்கியது 1998இல் வெளிவந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் அட்டையோடுதான். அதிலிருந்த இஎம்யு10கே1 என்ற சில்லு, பல ஒலிகளை ஒரே நேரத்தில் கலந்து, குகைக்குள் எதிரொலி, மண்டபத்தில் முழக்கம், நீருக்கடியில் மங்கல் என்று இடத்துக்கேற்ற சாயலை ஏற்றித் தந்தது. ‘ஈஏஎக்ஸ்’ எனப் பெயரிடப்பட்ட இந்த வசதி அக்கால விளையாட்டுகளுக்குப் புதிய உலகத்தையே திறந்துவிட்டது. இத்தனை கணக்கையும் எளிதாக்குவதற்காக அந்தச் சில்லு தனக்குள் வரும் எல்லா ஒலியையும் நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற ஒரே வீதத்தில்தான் கையாண்டது. குறுந்தகட்டின் 44,100 மாதிரிகளை 48,000 ஆக்குவதென்றால், ஒவ்வொரு 147 மாதிரிகளிலிருந்தும் 160 மாதிரிகளைக் கணித்து உருவாக்க வேண்டும். இந்த மறுகணக்கீட்டைச் செம்மையாகச் செய்யும் ஆற்றல் அந்தச் சில்லுக்கு இல்லாததால், மூலப்பதிவில் இல்லாத புதிய அதிர்வெண்கள் சிறிய அளவில் ஒலியில் கலந்தன. அளவுமானிகள் அதைத் தெளிவாகக் காட்டின. 2001இல் வந்த ஆடிஜி என்ற அடுத்த அட்டையின் விளம்பரத்தில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்கள் மின்னினாலும், விளைவுகளைக் கணக்கிடும் பகுதி அப்போதும் 48 கிலோஹெர்ட்ஸிலேயே இயங்கியது. விளையாட்டுக்கு அக்காலத்தின் சிறந்த அட்டை, பாட்டுக் கேட்பதற்கு அதைவிட எளிய அட்டைகளிடம் தோற்றது. இசைப்பதிவுக்கென விற்ற எம்-ஆடியோ நிறுவனத்தின் ஆடியோஃபைல் 2496 போன்ற அட்டைகள் எந்த விளைவும் சேர்க்காமல், வந்த வீதத்திலேயே ஒலியை வெளியிட்டன. ஆனால் விளையாட்டில் அவை வெறும் இருபுற ஸ்டீரியோ அட்டைகளே. ஒரே கணினியில் இரண்டு அட்டைகளையும் பொருத்திக்கொண்டவர்கள் வீண் ஆடம்பரக்காரர்கள் அல்லர்.

விளையாட்டுத் தரப்பில் அதே காலத்தில் நடந்த மற்றொரு போட்டி இன்னும் சுவையானது. ஓர் ஓசை வலப்புறமிருந்து வந்தால் அது வலக் காதைச் சற்று முன்னதாகவும் சற்று உரக்கவும் சேர்கிறது. இரு காதுகளுக்கும் இடையிலான காலவேறுபாடு மிகுந்தால் ஒரு மில்லிநொடியில் மூன்றில் இரண்டு பங்கு அளவே இருக்கும். ஓசை முன்னாலிருந்து வருகிறதா, பின்னாலிருந்தா, மேலிருந்தா என்பதைக் காதுமடலின் மடிப்புகளில் பட்டு அது அடையும் நுண்ணிய மாற்றங்களிலிருந்து மூளை கண்டுகொள்கிறது. தலையும் மடலும் ஒலியில் செய்யும் இம்மாற்றங்களின் கணித வடிவமே எச்ஆர்டிஎஃப் எனப்படுகிறது. அதை ஓர் ஓசையின் மேல் ஏற்றினால் சாதாரண ஹெட்போனிலேயே திசையுணர்வை எழுப்ப முடியும். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தோடு தொடர்புடைய இவ்வாராய்ச்சியின் வழியில் வந்த ஆரியல் நிறுவனம், ‘ஏ3டி’ என்ற தொழில்நுட்பத்தில் அறையின் சுவர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஒலி எங்கே பட்டுத் திரும்பும் என்பதையே கணக்கிட முயன்றது. 1998இல் வந்த ஹாஃப்-லைஃப் போன்ற விளையாட்டுகள் இதற்கு ஆதரவளித்தன. கிரியேட்டிவின் ஈஏஎக்ஸோ சுவரைக் கணக்கிடாமல், ‘இது குகை, இது கூடம்’ என்று முன்கூட்டியே அமைத்த எதிரொலியைப் பூசியது. திசையறிவதில் ஏ3டி முறையே மேல் என்று கருதியோர் பலர். அந்தக் கருத்தில் நியாயமும் உண்டு. கிரியேட்டிவ் தொடுத்த காப்புரிமை வழக்கில் 1999இல் ஆரியல் வென்றபோதிலும், வழக்குச் செலவு உள்ளிட்ட சுமையால் திவாலாகி, 2000இல் அதன் உடைமைகள் கிரியேட்டிவின் கைக்கே சென்றன.

கிரியேட்டிவ் 2005இல் வெளியிட்ட எக்ஸ்-ஃபை அட்டை, இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு உற்பத்தியாளரே எழுதிக்கொடுத்த வாக்குமூலம் போன்றது. ஐந்து கோடிக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் கொண்ட அதன் சில்லு, லைவ் அட்டையின் பழைய குறையை நீக்கி, மாதிரி வீத மாற்றத்தை மிக உயர்ந்த துல்லியத்துடன் செய்தது. அப்படியிருந்தும் அந்த அட்டையின் மென்பொருளில் விளையாட்டு, பொழுதுபோக்கு, ஒலியாக்கம் என்று மூன்று தனித்தனி நிலைகள் வைக்கப்பட்டிருந்தன; விளையாட்டு நிலையில் 128 ஓசைகளை முப்பரிமாணத்தில் கையாளும் அதே அட்டை, எண்களை ஒரு பிட் கூட மாற்றாமல் வெளியிட வேண்டுமென்றால் ஒலியாக்க நிலைக்கு மாற்றப்பட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு கடமைகளையும் செய்ய முடியாது என்பதை அந்த ஒரு பொத்தானே ஒப்புக்கொண்டது.

ஆனால் எக்ஸ்-ஃபையின் ஆட்சி நீடிக்கவில்லை. 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில், மைக்ரோசாஃப்ட் ஒலிக்கான மென்பொருள் அடுக்கை முற்றிலும் மாற்றி எழுதியது. ஒலி அட்டைகளின் டிரைவர் மென்பொருள்கள் இயங்குதளத்தின் ஆழத்தில் அமர்ந்து கணினியையே முடக்கிவந்ததைத் தவிர்ப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அந்த மாற்றத்தில், விளையாட்டு நேரடியாக அட்டையின் சில்லிடம் கணக்கீட்டை ஒப்படைக்கும் வழக்கமான வழி அடைபட்டது. பழைய விளையாட்டுகளைக் காப்பாற்ற ஆல்கெமி என்ற மாற்றுவழி மென்பொருளைக் கிரியேட்டிவ் தந்தாலும், புதிய விளையாட்டுகளை எழுதியோர் எதிரொலியையும் திசையையும் கணினியின் மையச் செயலியிலேயே கணக்கிடத் தொடங்கினர். பல கருக்கள் கொண்ட செயலிகளுக்கு அது பெரிய சுமையும் அன்று. முன்பெல்லாம் ஒலியைத் திறந்தால் விளையாட்டின் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதை வைத்து அட்டைகளுக்கு மதிப்பெண் தந்த அளவுகோல் இதனால் பொருளிழந்தது.

ஆகவே இன்றைய அட்டையில் எஞ்சியிருப்பவை முக்கியமாக இரண்டு: எண்களை அலையாக்கும் டிஏசி என்ற மாற்றி, அந்த அலைக்கு வலுவூட்டி ஹெட்போனை இயக்கும் ஆம்ப்ளிஃபயர். இவற்றை மதிப்பிடும்போது முதலில் கண்ணில் படுவது குறிகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம். அட்டை தரக்கூடிய மிக உரத்த ஒலி, அதன் அடியில் எப்போதும் இருக்கும் இரைச்சலைவிட எத்தனை டெசிபெல் மேலே நிற்கிறது என்பதையே அது சொல்கிறது. 16 பிட் பதிவின் கோட்பாட்டு எல்லை சுமார் 98 டெசிபெல். 2009இல் ஆசுஸ் வெளியிட்ட சோனார் எசென்ஸ் எஸ்டிஎக்ஸ் 124 டெசிபெல் என்றும், 2017இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர்எக்ஸ் ஏஇ-5 122 டெசிபெல் என்றும் விளம்பரப்படுத்தப்பட்டன. மதர்போர்டிலேயே பதிக்கப்பட்டு வரும் ரியல்டெக் ஏஎல்சி1220 என்ற சில்லுக்கும் 120 டெசிபெல் என்றே சொல்லப்படுகிறது. இரவின் அமைதியில்கூட வீட்டு அறையின் சூழலோசை 30 டெசிபெல்லை ஒட்டியே இருக்கும். பாடகர் முன் வைத்த மைக்கின் இரைச்சலும் பதிவுக்குள்ளேயே பதிந்துகிடக்கும். எனவே 110 டெசிபெல்லைத் தாண்டிய பிறகு அட்டைகளுக்குள் நடக்கும் போட்டி காகிதத்தில் நடக்கும் போட்டி. அதைக் காதால் பின்தொடர்வது அரிது. மேலும் அந்த எண் சில வேளைகளில் சில்லுக்கு மட்டும் உரியது, அட்டை முழுமைக்கும் உரியதன்று என்பதையும் விளம்பரம் சொல்வதில்லை.

விளம்பரம் பெரும்பாலும் மறைக்கும், ஆனால் காதுக்கு உண்மையிலேயே எட்டும் அளவு ஒன்று உண்டு. அது ஹெட்போன் துளையின் வெளியீட்டு இம்பீடன்ஸ். மாறிக்கொண்டேயிருக்கும் மின்னோட்டத்துக்கு ஒரு கருவி காட்டும் எதிர்ப்பே இம்பீடன்ஸ். ஓம் என்ற அலகில் அளக்கப்படுகிறது. பல சிறு இயக்கிகளை உள்ளே கொண்ட காதுள் பொருத்தும் இயர்போன்களில் இது ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் வேறுபடும். ஓரிடத்தில் 16 ஓம், மற்றோரிடத்தில் 60 ஓம் என்று ஏறியிறங்கும் இயர்போன் ஒன்றை, 30 ஓம் வெளியீட்டு இம்பீடன்ஸ் கொண்ட துளையில் சொருகினால், அவ்விரு அதிர்வெண்களின் ஒலியளவுக்கிடையே ஐந்தரை டெசிபெல்லுக்கும் மேற்பட்ட வேறுபாடு புகுந்துவிடும். அதையே 1 ஓம் துளையில் சொருகினால் வேறுபாடு 0.4 டெசிபெல்லுக்குள் அடங்கிவிடும். ஐந்து டெசிபெல் என்பது எந்தப் பயிற்சியும் இல்லாத காதுக்கும் தெரியும் மாற்றம். ‘இந்த அட்டையில் பாஸ் அதிகம்’, ‘அந்த அட்டையில் குரல் முன்னே நிற்கிறது’ என்றெல்லாம் சொல்லப்படும் பல தீர்ப்புகளின் பின்னால் ஒளிந்திருப்பது இந்த எளிய மின்கணக்கே. ஹெட்போனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்கைத் துளையின் இம்பீடன்ஸ் தாண்டக் கூடாது என்பது நெடுநாளாகப் பின்பற்றப்படும் வழிகாட்டு விதி. மறுபக்கத்தில், சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போன்களுக்கு வேண்டியது மின்னழுத்தம்: 1 வோல்ட் மட்டுமே தரும் துளை 32 ஓம் ஹெட்போனுக்கு 31 மில்லிவாட் கொடுக்க, 300 ஓம் ஹெட்போனுக்குச் சுமார் 3.3 மில்லிவாட்தான் கிடைக்கிறது. அத்தகைய ஹெட்போன் வைத்திருப்பவருக்கு வலுவான ஆம்ப்ளிஃபயர் கொண்ட அட்டை வீண்செலவன்று.

ஒலித்திரிபு என்ற அளவு, மூலத்தில் இல்லாத மேற்சுரங்களை அட்டை எவ்வளவு சேர்க்கிறது என்பதைக் காட்டுகிறது. நல்ல அட்டைகள் அனைத்திலும் அது கேட்கும் எல்லைக்குக் கீழே போய்விட்டதால் அதில் நேரம் செலவிடத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது கணினிப் பெட்டிக்குள் நிகழும் மின்காந்தக் குழப்பமே. கிராபிக்ஸ் கார்டு கடும் வேலை செய்யும்போது கீச்சென்ற ஒலி எழுவதும், மௌஸை அசைத்தால் ஹெட்போனில் முணுமுணுப்புக் கேட்பதும், அட்டையோ மதர்போர்டோ தன் பக்கத்துச் சுற்றுகளின் இரைச்சலை உள்வாங்குவதால் வருபவை. எந்த விளம்பர எண்ணும் இதை முன்னறிவிக்காது. பெட்டிக்கு வெளியே யூஎஸ்பி வழியாக இணையும் டிஏசி இந்தச் சூழலிலிருந்து விலகி நிற்பதால் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. இன்னொரு வகை இரைச்சல் வீட்டு மின்சாரத்திலிருந்தே வருவது. கணினியும் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு பிளக் பாயின்ட்களில் எர்த் பெறும்போது, இரண்டையும் இணைக்கும் ஒலிக்கம்பி வழியே சிறு மின்னோட்டம் சுற்றி, நம் நாட்டு மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ‘உம்’ என்ற ஓசை எழுகிறது. இதற்கு அட்டையை மாற்றிப் பயனில்லை. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இணைப்பதே முதல் மருந்து. எர்த் கம்பியை வெட்டிவிடச் சொல்லும் யோசனை உயிருக்கே ஆபத்தானது, அதை யார் சொன்னாலும் கேட்கக் கூடாது.

192 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் என்ற எண்களைப் பற்றியும் ஒரு சொல். மனிதக் காது கேட்கும் உச்சம் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். 44,100 மாதிரிகள் 22,050 ஹெர்ட்ஸ் வரை முழுமையாகப் பதிவுசெய்யப் போதுமானவை. மேயர், மோரன் என்னும் இருவர் 2007இல் ஆடியோ பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்ட சோதனையில், உயர்தரப் பதிவுகளின் பாதையில் குறுந்தகட்டுத் தர மாற்றியொன்றைச் சொருகியபோது, கேட்டவர்களால் நாணயம் சுண்டிச் சொல்வதைவிட மேலாக அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. லண்டனைச் சேர்ந்த ஜோஷுவா ரைஸ் 2016இல் அதே இதழில் 18 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, சரியாகச் சொன்னவை 52 விழுக்காட்டை ஒட்டியிருந்ததாகவும், பயிற்சி பெற்றவர்களிடம் அது கூடியதாகவும் காட்டினார். வேறுபாடு முற்றிலும் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், அதற்காக அட்டையை மாற்றும் அளவுக்கு அது பெரிதன்று.

விளையாட்டுத் தராசில் இன்று அளக்க வேண்டியவை வேறு. கவுன்டர்-ஸ்ட்ரைக் குளோபல் அஃபென்ஸிவ் 2016இலும், வேலரன்ட் 2021இலும் ஹெட்போனுக்கான எச்ஆர்டிஎஃப் கணக்கீட்டைத் தமக்குள்ளேயே சேர்த்துக்கொண்டன. ஒவ்வோர் ஓசையும் எங்கிருந்து எழுகிறது என்பது விளையாட்டுக்கே நன்றாகத் தெரியும். ஏற்கெனவே கலந்து முடிந்த ஒலியை வாங்கிக்கொள்ளும் அட்டைக்கு அது தெரியாது. விளையாட்டு ஒருமுறை திசைச்சாயல் ஏற்றிய ஒலியின் மேல் அட்டையின் ‘மெய்நிகர் 7.1’ என்ற திசைச்சாயல் வசதி மறுபடியும் ஏற்றினால் திசை குழம்பும், குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். ஆகவே இரண்டில் ஒன்றை மட்டுமே இயக்க வேண்டும். விளையாட்டில் அந்த வசதி இருந்தால் அதையே தேர்ந்து, அட்டையின் எல்லா அலங்காரங்களையும் அணைத்துவிடுவது நல்லது. திசையைச் சோதிக்கும்போது இடம், வலத்தைப் பார்த்துப் பயனில்லை, எந்த அட்டையும் அதில் தேறிவிடும். முன்னா, பின்னா என்பதில்தான் குழப்பம் வரும். பிறர் காதை அளந்து செய்த எச்ஆர்டிஎஃப் ஒருவருக்குப் பொருந்துவதும் மற்றவருக்குப் பொருந்தாததும் இங்கேதான் தெரியும் என்பதால், இவ்விஷயத்தில் வேறொருவரின் மதிப்புரை, அதை எழுதியவரின் காதுக்கு மட்டுமே உண்மை.

கிரியேட்டிவ் அட்டைகளில் ‘ஸ்கவுட் மோட்’ என்றொரு வசதி உண்டு. மெல்லிய ஓசைகளை மட்டும் உயர்த்தி, தொலைவில் நடப்பவரின் காலடியைக் கேட்கச் செய்வது அதன் வேலை. போட்டியில் அது பயன்தரலாம்; ஆனால் அதை அணைக்க மறந்து ஒரு கச்சேரிப் பதிவைக் கேட்டால், பாடகர் தாழ்த்திப் பாடும் இடமும் தனி ஆவர்த்தனத்தின் உச்சமும் ஏறக்குறைய ஒரே உரத்தில் வந்து நிற்கும். இரண்டு தராசுகள் ஏன் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. தாமதத்தைப் பொறுத்தவரை, கம்பி வழி இணையும் அட்டைகளுக்குள் விளையாடுபவர் உணரும் வேறுபாடு மிகக் குறைவு. 100 மில்லிநொடியை எளிதில் தாண்டும் சாதாரண புளூடூத் ஹெட்போன்தான் உண்மையான எதிரி.

வீட்டில் தாமே சோதிக்க விரும்புவோர், அட்டையின் வெளியீட்டுத் துளையிலிருந்து உள்ளீட்டுத் துளைக்கு ஒரு கம்பியை இணைத்து, ரைட்மார்க் ஆடியோ அனலைசர், ரூம் ஈக்யூ விசார்ட் போன்ற இலவச மென்பொருள்களால் அளக்கலாம். ஆனால் அந்த அளவு வெளியீடு, உள்ளீடு இரண்டின் குறைகளையும் சேர்த்தே காட்டும் என்பதையும், ஹெட்போன் இணைக்காத நிலையில் எடுத்த அளவு ஹெட்போன் இணைத்த நிலைக்குப் பொருந்தாது என்பதையும் மறக்கலாகாது. காதால் ஒப்பிடுவோர் முதலில் இரு அட்டைகளின் உரத்தையும் சமமாக்க வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் ‘தெளிவாக’ இருப்பதுபோல் தோன்றும். ஒரு 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரால் மின்னழுத்தத்தை அளந்து 0.1 டெசிபெல்லுக்குள் பொருத்திவிட்டு, எந்த அட்டை ஒலிக்கிறது என்பதை மற்றொருவர் மறைவாக மாற்ற, கேட்பவர் சொல்லவேண்டும். 16 முறையில் 12 முறையாவது சரியாகச் சொன்னால், அது தற்செயலாக நேர்ந்திருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. விலையுயர்ந்த அட்டை வாங்கியவர்கள் இந்தச் சோதனையை விரும்புவதில்லை என்பது தனிச் செய்தி.

ஒலிக்கென ஒதுக்கிய பணத்தின் பெரும்பங்கு ஹெட்போனுக்கோ ஸ்பீக்கருக்கோ போக வேண்டும். ஒரு ஹெட்போனுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாட்டின் முன் அட்டைகளுக்கிடையிலான வேறுபாடு ஒன்றுமேயில்லை. அதை வாங்கிய பின் மதர்போர்டின் துளையிலேயே கேட்டுப் பார்த்து, இரைச்சலோ வலுக்குறைவோ தென்பட்டால் மட்டும் குறைந்த வெளியீட்டு இம்பீடன்ஸ் கொண்ட யூஎஸ்பி டிஏசி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். பெட்டிக்குள் பொருத்தும் ஒலி அட்டை இன்று தேவைப்படுவது 5.1 அனலாக் ஸ்பீக்கர் தொகுதி வைத்திருப்பவர்களுக்கும், ஈஏஎக்ஸ் காலத்து விளையாட்டுகளை அவற்றின் முழு ஓசையோடு ஆட விரும்புவோருக்கும், 250 ஓமுக்கு மேற்பட்ட ஹெட்போனை மேசையில் கூடுதல் பெட்டியின்றி இயக்க நினைப்போருக்கும்தான்.